கழுத்தைச் சாய்த்த அம்மாள்

சத்யராஜை மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள் என்று அவன் பெண்டாட்டி அகிலா வந்து சொன்னபோது, நான் அவனை அழித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரில்தான் அழித்தேன். ஆளையே அழிக்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு கிடையாது. எழுபத்தொன்று ஆகிறது.

மணி ஒன்றரை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அகிலா இடுப்பில் பிள்ளையோடு வாசற்படியில் நின்றாள். பிள்ளை பெயர் அபி, பதினோரு மாதம். கருட சேவைக்கு நாலு நாள் முன்னால்தான் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். சத்யராஜ் தன் வெள்ளை லோடு வேனின் பின்னால் அந்தப் பெயரைச் சிவப்பில் பெரிதாக எழுதி வைத்திருந்தான். வினை அதனால்தான் வந்தது.

கருட சேவை அன்று விடியற்காலையில், ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி மாகறல் ரோட்டில் ஒரு வெள்ளை வேன், சைக்கிளில் போன பால்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்த மனுஷர் நேற்றுக் கண் திறந்திருக்கிறார். திறந்ததும் சொன்னது, "வெள்ளை வண்டி. பின்னாடி செவப்புல அபின்னு எழுதியிருந்துச்சு." காலையில் போலீஸ்காரர்கள் வந்து சத்யராஜையும் வேனையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அந்த நேரம் அவரு புள்ளைய தோள்ல வெச்சிக்கினு பெருமாள் கோயில் வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு நைனா. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. யாரு பார்த்தாங்கன்னு கேக்கறாங்க."

"கேமரா வெச்சிருப்பாங்களேம்மா அங்க."

"அதுக்கு முன்னாடி யாரோ வரவேற்பு பேனர் கட்டிட்டாங்களாம். அன்னைக்கு பூரா பேனரைத்தான் படம் புடிச்சிருக்குது." பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். "போனையும் வீட்ல சார்ஜ்ல போட்டுட்டுப் போய்ட்டாரு. ஆனா நீங்க அங்க இருந்தீங்களாம் நைனா. அவருக்கு நேரா கேமராவைத் தூக்கினீங்களாம். அந்தப் போட்டோ இருக்குதா?"

"இருக்குது" என்றேன்.

உண்மைதான். போட்டோ இருந்தது. அவன்தான் அதில் இல்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைத்த கையையே திரும்பத் துடைத்தேன். நான் யார், என்ன செய்தேன் என்பதை உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் யேசுதாஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்பத்தாறு வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் என்னிடம் முகம் காட்டாதவர்கள் குறைவு. ஒரு தடவை கோயில் யானைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுத்தேன். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எடுத்தேன், சுவரைத் தள்ளி வைத்துக்கொண்டு. திருப்பருத்திக்குன்றத்தில் மழை நாளில் ஒரு மின்னல் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை விழச் சொன்னேன், விழுந்தது. இவையெல்லாம் நடந்தவை. ஊர்தான் நம்புவதில்லை. நான் மணி கேட்டவர்களுக்கு மணி சொன்னால்கூட அவர்கள் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறார்கள்.

என் தொழிலில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது டச்சிங். பென்சிலாலும் பிரஷ்ஷாலும் நெகட்டிவில் மரு எடுப்பேன், தழும்பு எடுப்பேன், தூங்கிப் போன கண்ணைத் திறப்பேன். செத்துப் போனவர் கண்ணையும் திறந்திருக்கிறேன். கல்யாணக் கூட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டு போன மச்சானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்திருக்கிறேன்.

கடையை மூடிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்ரீவல்லி என்று ஒரு பெண். கோயில் பக்கத்து வைணவக் குடும்பம். சென்னையில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, ஒரு பழைய பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவணப் படம் எடுக்கக் கற்றுக் கொடுக்கிறாள். நடப்பதை நடந்தபடியே எடுப்பது. எட்டு பேர் சேர்ந்தார்கள். மற்ற ஏழு பேரின் வயதைக் கூட்டினால் என் வயதைவிடக் கொஞ்சம் அதிகமாக வரும்.

முதல் மாதம் கேமராவையே தொட விடவில்லை. தெருவில் அரை மணி நேரம் நின்று பார்த்ததை எழுதிக்கொண்டு வரச் சொன்னாள். அடுத்து சுவரில் ஒரு படம் போட்டாள். மூடிய ஒரு கம்பெனியின் கேட். வாசலில் அறுபது எழுபது ஜோடிச் செருப்பு. ஆள் ஒருத்தரும் இல்லை.

"இதுல என்ன இருக்கு யேசுதாஸ் சார்?"

"ஃபோகஸ் கொஞ்சம் தப்பும்மா. வெளிச்சமும் மேலே போய்டுச்சு."

"அதைக் கேக்கலை. என்ன இருக்குன்னு கேட்டேன்."

பத்து நிமிஷம் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எல்லாச் செருப்பும் உள்ளே பார்த்தபடி இருந்தன. போனவர்கள் வெளியே வரவில்லை. இன்னும் பத்து நிமிஷம் அதன் முன்னாலேயே நின்றேன். நாற்பத்தாறு வருஷத்தில் நான் எடுத்த எந்த முகமும் என்னை அப்படி நிறுத்தியதில்லை.

"ஓரத்தைப் பாருங்கோ" என்பாள். "நடுவுல இருக்கறது நீங்க வெச்சது. ஓரத்துல தானா வந்து நிக்கறதுதான் சேதி."

ஸ்டூடியோக்காரனுக்கு ஓரம் என்பது வெட்டிப் போடுகிற இடம். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு இரண்டே சட்டம். எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது.

கருட சேவைக்கு எங்கள் எட்டுப் பேரையும் அனுப்பினாள். பெருமாளை எடுக்க நானூறு பேர் இருப்பார்கள், நீங்கள் வேறு எதையாவது எடுங்கள் என்றாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று கருடன் மேல் வருகிற பெருமாள் கோபுர வாசலைத் தாண்டும்போது ஒரு கணம் குடையைத் தாழ்த்தி அவரை மறைத்துவிடுவார்கள். சோளிங்கரில் ஒரு வயதான பக்தர் இந்தச் சேவைக்கு வர முடியாமல் ஏங்கியிருந்தாராம். பெருமாள் இங்கே இருந்தபடியே அங்கே போய் அவருக்கு முகம் காட்டிவிட்டு வந்தாராம். அவர் போய் வருகிற அந்தக் கணத்துக்குத்தான் குடை. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வாசலில், சில விநாடி.

அந்த விநாடியில்தான் எனக்கு யோசனை வந்தது. பெருமாள் தெரியாதபோது கூட்டம் எதைப் பார்க்கும்? திரும்பினேன். கேமராவை ஜனங்கள் பக்கம் தூக்கினேன். என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அந்த வீதிப் பக்கம் நடமாட முடியாது. அவர் மட்டும் வந்து பார்த்ததாகச் சொல்வார். ஆனால் எங்கள் வீட்டில் யார் சொல்வதையும் நம்பக் கூடாது. நான் வந்து நின்றேன், அதுவும் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

முகங்கள். நூற்றுக்கணக்கில். கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இல்லாததைப் பார்த்துக்கொண்டு. ஒரே ஒரு தடவை அழுத்தினேன். குடை மேலே போனது, இரைச்சல் எழுந்தது, அந்த முகங்கள் கலைந்து போயின.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். என் வாழ்நாளில் எடுத்த நல்ல படம் அதுதான். மேலே குடையின் ஜரிகைக் குஞ்சம், கீழே முகக் கடல். ஆனால் இடது ஓரத்தில் ஒருத்தன், தோளில் மொட்டைப் பிள்ளையோடு, தூக்கிய கையில் வேன் சாவி. சாவிக் கொத்தில் ஒரு பித்தளை மணி. அதில் விளக்கு வெளிச்சம் பட்டு, கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. பக்கத்து வீட்டு சத்யராஜ் என்று தெரிந்தது. தெரிந்து என்ன? மரு என்றால் எடுக்க வேண்டியதுதான்.

முதலில் பொட்டை எடுத்தேன். கை நமநமத்தது. மணியை எடுத்தேன். மணியில்லாமல் கை அசிங்கமாக இருந்தது, கையை எடுத்தேன். கை இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிள்ளையையும் சேர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருட்டையும் இரண்டு தலையையும் நிரப்பினேன். ஒரு மணி நேர வேலை. என் பெண்டாட்டி மரியம்மாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யாரைய்யா இப்ப ஒழிச்சிக்கட்டறே?" என்று கேட்டாள். அவளுக்கு என் தொழில் தெரியும்.

கேமராவின் மெமரி கார்டைக் கொடுத்தால் ஸ்ரீவல்லி நிஜப் படத்தைப் பார்த்துவிடுவாளே. அதனால் டச்சிங் செய்ததை மட்டும் பென்டிரைவில் கொடுத்துவிட்டு, கார்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். திருப்புட்குழி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டது என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு நடுவயது அம்மாளைத் தொட்டுக் காட்டினாள். எல்லாரும் நேராக நிற்க, அந்த அம்மாள் மட்டும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து எட்டிக்கொண்டு நின்றாள். அவள் முன்னால் வெறும் இருட்டு.

"இவா ஏன் இப்படிச் சாஞ்சுண்டு நிக்கறா?"

"கழுத்து சுளுக்கா இருக்கும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் படம் கண்காட்சியின் அழைப்பிதழில் அச்சானது. கண்காட்சி இன்று மாலை ஆறு மணிக்கு. சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். கீழே கொட்டை எழுத்தில், எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் நீக்கப்படவில்லை.

இதுதான் விஷயம். இப்போது மணி ஒன்று முப்பத்தைந்து.

"நீ ஸ்டேஷனுக்குப் போம்மா" என்றேன் அகிலாவிடம். "நான் போட்டோ எடுத்துக்கினு வரேன்."

"நிச்சயம் வருவீங்களா நைனா?" அவளும் இந்தத் தெருக்காரிதான். என்னைத் தெரியும்.

"வரேம்மா."

கார்டை நான் எறியவில்லை. நெகட்டிவை எறிகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. ஒரு பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு, 'கடுகு' என்று சீட்டு ஒட்டி, சமையலறை அலமாரியில் மற்ற ஃபிலிம் டப்பாக்களோடு வைத்திருந்தேன். கடையை மூடியபோது மிஞ்சிய டப்பா முந்நூறு. மரியம்மாள் அவற்றில்தான் வெந்தயம், ஏலக்காய், சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு வைப்பாள்.

அலமாரியைக் கவிழ்த்தேன். கடுகு என்று எழுதிய டப்பா மூன்று இருந்தது. மூன்றிலும் கடுகுதான் இருந்தது.

"இந்தாய்யா, இன்னா தேடறே?"

"இன்னொரு கடுகு டப்பா."

"கடுகு டப்பால கடுகு இல்லாம பிளாஸ்டிக் துண்டு ஒண்ணு கெடந்துச்சு. கங்கையம்மா சில்லறை போட டப்பா கேட்டுச்சு, கொடுத்துட்டேன்."

"துண்டு?"

"அதுவும் அதுலதான் இருந்துச்சு."

கங்கையம்மாள் பூக்காரி. பெருமாள் கோயில் மாட வீதியில் உதிரிப் பூ நிறுத்து விற்பவள். டிவிஎஸ்ஸை எடுத்தேன். என் வண்டி ஸ்டார்ட் ஆக ஏழு உதை வேண்டும். அன்று இருபதுக்கு மேல் எண்ணவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போனது. இதுவரை நான் பார்த்த ரயில்களிலேயே நீளமானது, முன் பெட்டி போன மாதம் கிளம்பியிருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். கங்கையம்மாள் யாருக்கோ சம்பங்கி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"கங்கையம்மா, மரியம்மா ஒரு டப்பா கொடுத்துச்சே."

"இதோ." இடுப்பிலிருந்து எடுத்தாள். உள்ளே சில்லறை.

"இதுல ஒரு சின்னத் துண்டு இருந்துச்சே. நகத்தளவு. கறுப்பா."

"இருந்துச்சு."

"எங்க?"

"இன்னாய்யா போட்டோக்காரரே, கொடுத்த டப்பாவுக்குக் கணக்குக் கேக்க வந்தியா?" தராசைத் தூக்கிப் பிடித்தாள். "என் தராசு ஒரு பக்கம் சாயும். ஆளுங்க சண்டைக்கு வராங்க. உன் துண்டைக் கட்டினேன், கச்சிதமா நிக்குது. பாரு."

பார்த்தேன். இடது தட்டின் அடியில், சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, சத்யராஜின் தலையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. மேலே கால் கிலோ சம்பங்கி.

"அதைக் கொடு கங்கையம்மா. ஒரு ஆள் ஜெயிலுக்குப் போகப் போறான்."

"இந்தத் துண்டாலயா?"

"இது இல்லாததால."

"போன வருஷம் இப்படித்தான், உங்க வீட்டு ஆடு குட்டி போட்டது ஒட்டகம்னு சொன்னே. நான் பார்க்க வந்தேன்."

"ஆடுதான். கழுத்து நீளம்."

"போய்யா. வியாபாரம் முடியட்டும், ஆறு மணிக்கு வா."

வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொன்ன பொய்கள் அத்தனையும் என் எதிரில் வரிசையில் நின்று கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பது போல இருந்தது. பேசினால் பிரயோஜனமில்லை. பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்தொரு வயசில் தார் ரோட்டில், வெயிலில், கையெடுத்துக் கும்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

கங்கையம்மாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்த எடத்துல எதையாச்சும் கட்டிட்டுப் போ" என்றாள்.

வீட்டுச் சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கட்டினேன். ஒரு பூ அளவுக்கு வித்தியாசம் வந்தது. பரவாயில்லை என்றாள்.

அடுத்தது இதைவிடக் கஷ்டம். கார்டைப் போட்டுப் பார்க்க ஒரு லேப்டாப் வேண்டும். அதைவிட முக்கியம், நம்பத் தகுந்த ஒரு ஆள் வேண்டும். இரண்டும் ஸ்ரீவல்லியிடம்தான் இருந்தன.

ஹாலில் அவள் படங்களை மாட்டிக்கொண்டிருந்தாள். என் படம் நுழைந்ததும் தெரிகிற சுவரில், நாலடி அகலத்தில் நின்றது. ஏணியின் மேல் இருந்தவளிடம் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடத்திலும் ஜோடனை செய்யவில்லை. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. உண்மை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவள் கையில் சுத்தியல் இருந்தது. இறங்கி வந்தாள். சுத்தியலைப் பெஞ்சில் வைத்தாள்.

"குரங்கு கதை எப்பவோ தெரியும் சார். குரங்குக்கு மெமரி கார்டு எதுக்கு?" குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இந்தப் படத்தைப் பத்தி நான் எத்தனை பேர்கிட்டப் பேசியிருக்கேன் தெரியுமா? இதுக்காகத்தான் அவா சென்னையிலேர்ந்து வரா."

"தெரியும்மா."

"மணி என்ன?"

"மூணு இருபத்தஞ்சு" என்றேன். அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். லேப்டாப்பை எடுத்தாள்.

ஸ்டேஷனில் சத்யராஜ் பெஞ்சின் ஓரத்தில் சட்டைப் பொத்தானை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அகிலா எதிரில் நின்றாள். பிள்ளை தூங்கிப் போயிருந்தது. சப் இன்ஸ்பெக்டர் பாண்டியன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஜீப் தயாராக நின்றது.

"பெரியவரே, நீங்கதானே யானைக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவர்?"

"ஆமாங்க."

"எங்க அக்கா கல்யாணத்துக்கும் நீங்கதான். மாமாவுக்குக் கன்னத்துல வெட்டுத் தழும்பு. உங்க போட்டோவுல காணோம். இன்னைக்கும் அந்த ஆல்பத்தைத் திறந்தா, பக்கத்துல நிக்கறது யாருன்னு அக்காவைக் கேக்கறார்." பேனாவை மூடினார். "சொல்லுங்க."

ஸ்ரீவல்லி இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் சத்யராஜ் இல்லை. ஒன்றில் இருந்தான், பிள்ளையோடு, மணியோடு, வெள்ளைப் பொட்டோடு. அகிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாண்டியன் குனிந்து பார்த்தார். "இந்தப் படம் போட்ட அழைப்பிதழ் எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அதுல இந்த ஆள் இல்லையே. எதுவும் நீக்கலைன்னு வேற போட்டிருக்குது."

"நான்தான் நீக்கினேன் சார்."

"இல்ல, இப்ப சேர்த்தீங்களா?"

"நீக்கினேன்."

"உங்க தொழிலுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?" மவுஸை நகர்த்தி விவரத்தைப் பார்த்தார். "தேதி, ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்துப் பதினெட்டு. ராத்திரி பன்னண்டே முக்கால்."

கேமராவில் தேதி வைக்க வேண்டும் என்று ஸ்ரீவல்லி இரண்டாவது வகுப்பிலேயே சொன்னாள். நான் அன்று மின்னல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தத் தேதிக்கு இந்தப் பிள்ளை பொறக்கவே இல்லை" என்றேன்.

"அதைத்தான்யா நானும் சொல்றேன்." சத்யராஜ் பக்கம் திரும்பினார். "பெருமாள் ஒரே நேரத்துல இங்கயும் இருப்பார், சோளிங்கருக்கும் போய்ட்டு வருவார். நீ மாகறலுக்குப் போய்ட்டு வந்தியா?"

"இல்ல சார். அங்கயேதான் நின்னேன். பெருமாள் சத்தியமா."

"அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. அவரைத்தான் குடையால மறைச்சிருந்தாங்களே."

மணி நாலு இருபது. அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். எனக்குச் சொல்ல ஆயிரம் வார்த்தை இருந்தது. ஒன்றுகூடச் செல்லாது.

"சார்" என்றாள் ஸ்ரீவல்லி. "இவர் சொல்றதை நம்பாதீங்கோ. நானும் நம்பலை. இந்த அம்மாவைப் பாருங்கோ."

திரையில் இரண்டாவது வரிசையைப் பெரிதாக்கினாள். முதலில் நான் டச்சிங் செய்த படத்தில். கழுத்தைச் சாய்த்து எட்டிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். "இவா முன்னாடி இங்க யாருமே இல்லை. காலி. எல்லாரும் நேரா நிக்கறா. இவா மட்டும் எதுக்குச் சாயணும்?"

பாண்டியன் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இப்ப இதுல." கார்டில் இருந்த படம். அதே அம்மாள், அதே கழுத்து. நேர் முன்னால், அவள் பார்வையை மறைத்துக்கொண்டு, சந்தனம் பூசிய ஒரு மொட்டைத் தலை. அதைத் தாண்டிப் பார்க்கத்தான் சாய்ந்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கோபத்தோடுகூட.

"பிள்ளையை இவர் அப்புறமா வெச்சிருந்தா, அது வர்றதுக்கு முன்னாடியே அந்த அம்மா எப்படிச் சாஞ்சா? ஆளை அழிச்சார். அந்த ஆளால சாஞ்ச கழுத்தை நிமிர்த்த மறந்துட்டார்."

மேசை மேல் கைப்பற்றிய சாவி ஒரு கவரில் இருந்தது. பாண்டியன் அதைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். பித்தளை மணி. அதே மணி.

"சரி, நிஜப் படம்னே வெச்சிக்குவோம்" என்றார் மெதுவாக. "நேரம்? இடிச்சதும் 108க்கு போன் போனது அஞ்சு பன்னண்டு. குடை தாழ்ந்தது எத்தனை மணிக்கு?"

மூலையில் எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் கலையரசி தலையை நிமிர்த்தினார். "சார், அன்னைக்கு லோக்கல் கேபிள்ல லைவ் ஓடுச்சே. யூடியூப்ல இருக்கும்."

தேட ஏழு நிமிஷம் ஆனது. அந்த ஏழு நிமிஷத்தில் சத்யராஜ் தன் ஐந்து பொத்தானையும் எத்தனை தடவை எண்ணினான் என்று என்னால் சொல்ல முடியும், நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஜீப் டிரைவர் உள்ளே வந்து, கிளம்பலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கலையரசியின் போனில் கருடன் வந்தது. மேளம், தீவட்டி, கோபுர வாசல். மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஒன்பது. ஐந்து பத்து. குடை தாழ்ந்தது. படம் முழுக்கக் கைகள் எழுந்தன, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து.

"நிறுத்துங்க" என்றார் பாண்டியன். "அது யாரு? பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கினு ஒரு ஆள்?"

எல்லாரும் குனிந்தோம். அத்தனை ஆயிரம் பேரில் ஒரே ஒரு வழுக்கைத் தலை தப்பான திசையில் நின்றது. காதுக்கு மேல் கேமரா வார் தெரிந்தது. சட்டை மரியம்மாள் ஈஸ்டருக்கு எடுத்த கட்டம் போட்ட சட்டை. இன்றும் அதைத்தான் போட்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றேன்.

பாண்டியன் சட்டையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், வழுக்கையைப் பார்த்தார். லேப்டாப்பில் குடைக் குஞ்சத்தையும் போனில் குடைக் குஞ்சத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டிலும் இடமிருந்து நாலாவது குஞ்சம் பிய்ந்து தொங்கியது. நானூறு பேர் எடுத்த படத்திலும் பெருமாள் இருப்பார். என்னுடையதில்தான் சத்யராஜ் இருந்தான்.

அவர் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திருப்பிப் போட்டார். "ஜீப்பை அணைக்கச் சொல்லும்மா" என்றார் கலையரசியிடம். பிறகு சத்யராஜிடம், "வண்டி இருக்கட்டும், பார்க்கணும். நீ வீட்டுக்குப் போ. ஊரை விட்டுப் போகாதே. கார்டை மட்டும் எழுதி வாங்கிக்கறேன் பெரியவரே."

"எழுதிக்கங்க சார்."

"நீங்க சொல்ல வேணாம். இந்த மேடம் சொல்லட்டும், நான் எழுதிக்கறேன்."

மணி நாலு ஐம்பது. சத்யராஜ் எழுந்தான். அகிலா பிள்ளையை அவன் தோளில் வைத்தாள். பிள்ளை விழித்துக்கொண்டு அவன் காதைப் பிடித்தது. ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. சரிதான். அழித்தவனும் நான்தானே.

ஒன்பது நாள் கழித்து வேறு ஜில்லாவில் இன்னொரு வெள்ளை வேன் கிடைத்தது, முன்பக்கம் நசுங்கி, பின்னால் சிவப்பில் அதே 'அபி'யோடு. அது அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய கதை.

என் கதை அன்று ஆறு மணிக்கு முடிந்தது. ஹாலுக்குப் போனபோது சென்னைக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். என் படம் சுவரில் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அவசரமாக எடுத்த ஏ-ஃபோர் பிரிண்ட், நாலு மூலையிலும் பிளாஸ்திரி. நிறம் வெளுத்திருந்தது. மணியின் பொட்டு மட்டும் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. எதுவும் நீக்கப்படவில்லை என்ற அட்டை போய், ஸ்ரீவல்லியின் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யேசுதாஸ், வயது 71. சின்னது அவர் எடுத்தது. பெரியது அவர் செய்தது.

கூட்டம் சின்னதன் முன்னால்தான் நின்றது.

"அடுத்த ஞாயிறு நான் வரலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"கேமரா வேண்டாம்" என்றாள். "நோட்டு எடுத்துண்டு வாங்கோ. தெருவுல அரை மணி நேரம். முதல்லேர்ந்து."

சத்யராஜும் வந்திருந்தான். சின்னதைப் பார்க்கவில்லை. பெரிய படத்தின் முன்னால், தான் இல்லாத இடத்துக்கு நேராக ரொம்ப நேரம் நின்றான். பிறகு அந்த அம்மாளின் சாய்ந்த கழுத்தை விரலால் தொடப் போய், கண்ணாடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"இவங்க யாரு நைனா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

யோசித்துப் பார்த்தால், அவனிடம் நான் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன முதல் பதில் அது. அந்த அம்மாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பார்த்தால் கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதில் எழுதியிருப்பது அத்தனையும் நடந்தது. யானைக்கு பாஸ்போர்ட் எடுத்ததும் நடந்ததுதான். அதற்கு நெகட்டிவ்கூட இருக்கிறது. கங்கையம்மாளின் தராசில் கட்டியிருக்கிறேன், வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்க வேண்டியிருந்ததே.